அண்ணனிடம் கேட்ட கேள்விகள்

மென்பொருள் கொம்பனி நடத்தி, அதை விற்றபின் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதலீடும் ஆலோசனையும் கொடுத்துவருகிறேன். சென்ற வருடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், முதலீடு கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு நேர்முகம். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஓர் இளம் பெண் வந்திருந்தாள். எந்த இடத்தில் ஐஸ் கிடைக்கும் என்று மீன்பிடி வள்ளக்காரர்கள் போனில் பார்க்கும் செயலியை அவளே எழுதியிருந்தாள். துணைக்கு அண்ணன் வந்திருந்தான்.

என்னோடு சேர்ந்து முதலீடு செய்பவர் எல்லாக் கேள்வியையும் அண்ணனிடமே கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் அண்ணன் சொன்னான்: "சேர், நான் மோட்டச்சைக்கிள் ஓடி வந்தனான். கொம்பனி தங்கச்சிட. அவட்டக் கேளுங்க."

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் அவனிடமே, "தங்கச்சி கலியாணம் கட்டினா இத விட்டிருவாவோ?" என்றார்.

அவள் மடிக்கணினியை மூடினாள். "உங்கட காசு வேணாம் சேர்." இருவரும் போய்விட்டார்கள்.

கதவு சாத்திய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "என்ர கலியாணத்துக்கு முந்தின மாசம்தான் நான் கொம்பனி தொடங்கினனான். என்னட்ட ஆராவது இதக் கேட்டவையோ?" என்று கத்தினேன். அவர் தேநீரைக் குடித்தார்.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குப் பெயர் ஆலோசகன். அவள் அங்கே இருந்தவரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.