வாய்க்காலில் விழுந்த போல்ட்டு

கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியும் நான் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைத் தாண்டிப் போனதில்லை. அதனால் தம்பி மகளின் காதுகுத்துக்கு, பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவதாகப் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அம்மா, "வேணாஞ்சாமி, பஸ்ஸுலயே வந்துருங்க" என்றாள். பெரியம்மா அங்கிருந்தே வேண்டுதல் வைத்தாள். தம்பி மட்டும், "வாக்கா. ஆனா கெளம்பறப்ப ஒரு போன் போட்டுரு. ஆடு மாட்டயெல்லாம் புடிச்சுக் கட்டோணும்" என்றான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், போனால் நான்தான் ஓட்டிப் போவேன், இல்லாவிட்டால் காதுகுத்தே வேண்டாம் என்று.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பழைய காரில் இரண்டாவது கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வரும். என் கணவர் கைக்கு அது அடங்கும், என் கைக்கு அடங்காது. மேட்டில் கியர் விழாமல் நின்றுவிட்டால் பின்னால் வரும் பஸ்காரனிடம் யார் திட்டு வாங்குவது? கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் ஆயிலும் வாங்கி வைத்தார். வாங்கியது வாங்கியபடி அலமாரியில் இருந்தது. காதுகுத்து அன்று காலையில் நான் போட்ட சத்தத்தில்தான் பாட்டிலுக்கு விமோசனம் கிடைத்தது.

காருக்கு அடியில் படுக்கப் பள்ளம் வேண்டுமே. எங்கள் தோட்டத்தில் அதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. கிணற்றுத் தண்ணீர் தக்காளிக்குப் பாயும் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது, இரண்டு பக்கக் கரையிலும் சக்கரம் நிற்கும்படி வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பது. அவரும் அப்படியே படுத்தார். ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் தளர்த்தினார். பிறகு அடிப் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக ஆயில் அடியில் வைத்திருந்த பேசினில் இறங்கியது. கழற்றிய போல்ட்டைத் துடைத்து என்னிடம் காட்டினார். அதன் நுனியில் மயிர் மயிராக இரும்புத் துகள் ஒட்டியிருந்தது.

"நுனீல காந்தம் வெச்சிருக்கறாங்க பாரு. உள்ள தேயற இரும்பையெல்லாம் இது புடிச்சுக்கும்" என்றார், அந்தக் காந்தத்தை அவரே வைத்தது மாதிரி. போல்ட்டை வாய்க்கால் ஓரத்து மண்திட்டில் வைத்துவிட்டு, மிச்ச ஆயில் வடியட்டும் என்று சுகமாகப் படுத்திருந்தார்.

அப்போது கிணற்றடியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கம் மோட்டார் போட யாரும் எழுந்து போவதில்லை. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி ஸ்விட்சு எப்போதும் ஆட்டோவில்தான் இருக்கும். ஆட்டோவில் போட்டாலே மறந்துவிடலாம் என்றுதான் அர்த்தம். நாங்களும் மறந்துவிட்டோம்.

"ஏங்க, தண்ணி வருதுங்க! எந்திரிங்க!" என்று கத்திக்கொண்டே மோட்டார் ரூமுக்கு ஓடினேன். நிறுத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் காரைத் தாண்டிவிட்டது. என் கணவர் சேற்றோடு சேறாக, ஆயில் பேசினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஒரு சொட்டு ஆயில் செடிக்குப் போவல" என்றார் பெருமையாக.

"போல்ட்டு எங்கீங்க?"

அவர் மண்திட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். திட்டே கரைந்து போயிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. போல்ட்டு இல்லாமல் புது ஆயில் ஊற்ற முடியாது, ஆயில் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. பஸ்ஸில் போய் இறங்கினால் அந்தச் சிரிப்பை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அவர் முட்டிபோட்டுச் சேற்றைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் கூழாங்கல். "பஸ்ஸுலயே போயிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அந்த இரும்பு மயிர் ஞாபகம் வந்தது. காந்தம்தானே! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்முட்டியை வாய்க்கால் அடியோடு மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். 'டக்' என்றது. தூக்கிப் பார்த்தால் மம்முட்டித் தகட்டில் உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது போல்ட்டு. நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அவர் போல்ட்டைக் கழுவித் துடைத்து, முனகாமல் சேற்றிலேயே படுத்து முடுக்கினார். சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி மேல் ஓட்டையில் செருகி, பானட் பக்கம் நின்று நான் புது ஆயிலை ஊற்றினேன். ஓட்டை வழியே ஆயில் வழிய ஆரம்பித்ததும், "போதும் போதும், மூஞ்சீல ஊத்துது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

குளித்துக் கிளம்பியபோது தம்பிக்குப் போன் போட்டேன். "கெளம்பீட்டன்டா" என்றேன். "செரிக்கா" என்று வைத்துவிட்டான். யார் ஓட்டுகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மேட்டில் இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். அவர் காது மடலில் இன்னும் சேறு இருந்தது.

அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பெரியம்மா ஓடிவந்து வழக்கம்போல அவரிடம், "நல்லபடியா ஓட்டியாந்தீங்களா சாமி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் பக்கம் பார்த்து வாயைப் பிளந்தாள்.

நான் களத்தைப் பார்த்தேன். வெள்ளாடு, குட்டிகள், மாடு, கன்று எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மூலையில் கோழியைக்கூடக் கூடைபோட்டுக் கவிழ்த்து வைத்திருந்தான் தம்பி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னடா இது?"

"நீதான் ஓட்டியாருவேன்னு ஊட்ல ஒருத்தரும் நம்புலக்கா" என்றான் தம்பி. "நா நம்புனன். அதான் கட்டுனன்."