வெரா வேண்டாமென்ற காட்சி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து குசினிக்குத் தேநீர் போடப் போய்விடுகிறவள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் உங்கள்மீது எனக்குக் கோபம் வராது. என் கோபமெல்லாம் அந்த இரண்டு பேர்மீதுதான், இன்றைக்கும்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஒரு பிலிம் லேபில் நெகட்டிவ் வெட்டி ஒட்டுவது என் வேலை. கொழும்பிலேயே பழகிய தொழில். டெரி, கென் என்று படம் எடுக்கும் இரண்டு கூட்டாளிகள் எங்களிடம் வருவார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தி அந்த மாதிரிப் படங்களை ஓட்டலாம் என்று அரசாங்கம் விட்டிருந்த காலம். கராஜில் எடுத்த முதல் படமே மாதக்கணக்கில் ஓடியது. பிறகென்ன, டெரிக்கு வெள்ளைக் கோட்டு, புதுக் கார், பத்திரிகையில் பேட்டி. அந்தப் படங்களை வெட்டியதில் எனக்கு வெட்கமில்லை. நடித்தவர்கள் சம்மதித்துத்தான் நடித்தார்கள்.

நாலாவது படத்தில்தான் அநியாயம். நடிகை வெரா லேபுக்கே வந்து நின்றாள். தாய் இறந்த தந்தி படப்பிடிப்பில் வைத்துத்தான் அவளுக்குக் கிடைத்ததாம். கதிரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கேமராவை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டு, அதையும் எடுத்திருக்கிறார்கள்.

"அது நடிப்பில்லை. அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்," என்றாள்.

டெரியிடம் சொன்னேன். "அப்படி அழ யாருக்கு வரும்? நான் சொன்னதை ஒட்டு," என்றான். வேலை போய்விடுமென்ற பயத்தில் ஒட்டினேன். அந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

காலை பதினொரு மணிக்கு லேபின் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தோம். டெரி, கென், இரண்டு தியேட்டர்காரர்கள், நான். அந்தக் காட்சி வந்தது. நம்பினால் நம்புங்கள், அழுதுகொண்டிருந்த வெரா முகத்தைத் துடைத்தாள், எழுந்தாள், திரைக்கு வெளியே நடந்து போய்விட்டாள். வெறும் கதிரைதான் மிச்சம்.

நீதான் ஏதோ மாற்றி ஒட்டிவிட்டாய் என்று டெரி என்மீது பாய்ந்தான். சுருளை மேசை விளக்கில் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினேன். எல்லாவற்றிலும் வெரா உட்கார்ந்தே இருந்தாள். திரும்ப ஓட்டினோம், வெறும் கதிரை. புதுப் பிரதி எடுத்தோம், அதிலும் வெறும் கதிரை.

"வெட்டி எறி," என்றான் டெரி. சந்தோஷமாக வெட்டினேன்.

வீட்டில் சொன்னதற்கு என் கணவர், "உமக்குக் கண் களைச்சுப் போச்சு," என்றார்.

"அஞ்சு பேரும் ஒண்டாப் பார்த்தனாங்களப்பா," என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

தியேட்டர்காரர்கள் கதையைப் பரப்பிவிட்டார்கள். அடுத்த படங்களைப் போடவே பலர் பயந்தார்கள்; போட்ட இடத்திலும் ஒரு வாரம் தாண்டவில்லை. கூட்டாளிகள் ஆளுக்காள் பழி சொல்லிப் பிரிந்தார்கள். துண்டை எடுத்தாயிற்று என்று வெராவுக்குப் போன் பண்ணினேன். நன்றி சொன்னாள். திரையில் கண்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பல வருடம் கழித்து பரமட்டா ஸ்டேஷனில் கென்னைக் கண்டேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அன்றைக்குத் திரையில் அவள் எழுந்து போன பிறகு ஒரு கதவு சாத்தின சத்தம் கேட்டதே, உனக்கும் கேட்டதா?"

கேட்டது என்றேன். அதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"அந்த செட்டை ஆணியடித்துப் போட்டது நான்தான்," என்றான் கென். "மூன்று பலகைச் சுவர். கதவே வைக்கவில்லை."