எபநேசரின் புல்லட்டும் வலது முழங்காலும்

"இந்தத் துண்ட யாரு இங்கன தொங்கப்போட்டது?"

கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் ஜீனாவிடம் அவளுடைய மாமனார் எபநேசர் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான். முற்றத்தில் அவர் நின்றார். அவருக்கு முன்னால் கறுப்புப் புல்லட் நின்றது. அதன் ஹேண்டில்பாரில் ஜீனா தலை துவட்டிய ஈரத்துண்டு தொங்கியது.

"நான்தான் மாமா."

"கொடி கட்டியிருக்கது கண்ணுக்குத் தெரியலயோ?"

"கொடியில இடமில்ல மாமா."

"இடமில்லன்னா வண்டியில போடுவியோ? உங்க வீட்டுல என்ன வண்டி?"

"ஸ்கூட்டர்."

"ஸ்கூட்டரு!" அவர் காறித் துப்பாதது ஒன்றுதான் பாக்கி. "அது வண்டியா? சக்கரம் வச்ச ஸ்டூலு. அதுல துண்டும் காயப்போடலாம், பாவாடையும் காயப்போடலாம். இத எம் மவனே தொடமாட்டான். கேட்டுப் பாரு."

அவள் கணவன் ஜேம்ஸ்ராஜ் வாயில் பிரஷ்ஷோடு வாசற்படியில் நின்று தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, வாயை மூடு என்று ஆட்டினானா என்பது அவளுக்கு விளங்கவில்லை.

"சரி மாமா."

"என்ன சரி?"

"இனிமே தொடமாட்டேன்."

"மறந்து தொட்டா?"

ஜீனா துண்டை எடுத்து நான்காக மடித்தாள். "வண்டி உங்க மேல சாஞ்சு விழுந்தாக்கூடத் தொடமாட்டேன் மாமா. பயப்படாதீங்க."

அடுக்களையில் மாமியார் சொர்ணத்தாயின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. எபநேசர் மகன் பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ் படிப்புல இதத்தான் சொல்லிக்குடுக்காவளோ?" என்றார்.

அது 1999. அதன் பிறகு அந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே ஒன்றிரண்டு சொற்களே புழங்கின. சோறு. போன். கேட்டைச் சாத்து. ஜேம்ஸ்ராஜுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை அதிகாலையில் பஸ் ஏறிவிடுவான். மற்ற நாட்களில் அவளுக்கும் அவருக்கும் நடுவே நின்றது அந்த வண்டி ஒன்றுதான்.

எபநேசர் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் மரச்சட்டங்களில் தீக்குச்சி அடுக்குவார்கள். கட்டை அடுக்குவது என்று அதற்குப் பெயர். ஊர் ஊராகப் போய் அந்தக் கட்டைகளைச் சோதிப்பது அவர் வேலை. ஒரு வரிசை கோணலாக இருந்தாலும் போதும், முழுக் கட்டையையும் தரையில் கவிழ்த்துவிட்டு "திரும்ப அடுக்கு" என்பார். காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் அடுக்கிய குச்சிகள் அத்தனையும் மண்ணில் கிடக்கும். அவர் அடுத்த கட்டைக்குப் போய்விடுவார்.

மரமில்லாத கரிசல் வெளியில் புல்லட்டின் சத்தம் அவருக்கு ஒரு மைல் முன்னால் போகும். "புடுபுடு வருது" என்று ஒருத்தி சொன்னால் போதும், பேச்சு நின்றுவிடும், வெற்றிலை வாய்கள் மூடிக்கொள்ளும், சரிந்த வரிசைகளை விரல்கள் அவசர அவசரமாக நிமிர்த்தும். ஊருக்குள் நுழைகையில் வேண்டுமென்றே ஒரு கியர் குறைத்து முறுக்குவார். திருட்டுத்தனமாகப் போய் நின்றால் தப்பு அகப்படும் என்று முதலாளி ஒருமுறை சொன்னதற்கு, "நான் வாரது தெரியணும்" என்று சொன்னவர் அவர்.

1971ஆம் வருஷத்து வண்டி. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது. அதை வைத்திருப்பது ஒரு நோயாளியை வைத்திருப்பது போலத்தான். எஞ்சினுக்கு அடியில் எந்நேரமும் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓடுகிற அதிர்வில் நட்டுகள் கழன்றுகொள்ளும் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் முழுவதும் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மண்ணெண்ணெய் தொட்டுச் செயினைத் துலக்குவார். பெண்டாட்டியின் காய்ச்சலுக்கு ஒரு நாள் லீவு போடாதவர், கிளட்ச் கேபிள் அறுந்ததற்கு இரண்டு நாள் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஜெபம் தொடங்கும் நேரம் பார்த்து வந்து சேருவார். போதகர் நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஜெபத்தைத் தொடருவார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அந்த வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புது வண்டிகளில் பழகிய மெக்கானிக் மாடக்கண்ணு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கிப் போனான். தெருமுனையில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தான். வண்டி நேராகச் சாக்கடைக்குள் இறங்கியது. எபநேசர் தெருவே கேட்க அவன் பரம்பரையை இழுத்துத் திட்டினார். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "அண்ணாச்சி, ஒருநாள் நீங்களே கொண்டாந்து எங்கிட்ட விப்பீங்க. நான் வாங்கி உதிரிப் பாகமாப் பிரிச்சுப் போடலன்னா எம் பேர மாத்திக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டியைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. ஹெட்லைட்டின் மேல் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கும். அது நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். ஹேண்டிலில் உள்ள சின்ன லீவரைப் பிடித்து அடைபட்ட காற்றை விட்டு, அதற்குப் பிறகுதான் ஓங்கி மிதிக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். எபநேசர் முள்ளைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். "அது பழகாத பயலுவளுக்கு" என்பார்.

2002 டிசம்பரில் ஒரு காலை. வண்டி இன்னும் சுருக்கென்று இழுக்க வேண்டும் என்று முந்தின நாள் அவரே ஸ்பார்க் விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அப்படி வைத்தால் கிக்கர் இன்னும் பலமாக எதிர்த்து அடிக்கும். ஜீனா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. ஏறி நின்று மிதித்தார். கிக்கர் அதே வேகத்தில் மேலே வந்து காலை அடித்தது. கட்டை முறிந்தது போல ஒரு சத்தம். அவர் சாய, வண்டியும் அவர் மேலேயே சாய்ந்தது.

ஜீனா நின்ற இடத்தில் நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது.

"தூக்குட்டி! பாத்துக்கிட்டு நிக்கா!"

குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்புறம் வந்து தூக்கினாள்.

"இம்புட்டு நேரம் என்ன செய்த?"

"கை ஈரமா இருந்துச்சு மாமா."

முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. நடக்கலாம், ஆனால் இனி அந்தக் காலால் எதையும் ஓங்கி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தெருவுக்கு வேறு சேதி போயிற்று: எபநேசர் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். விசாரிக்க வந்த மாடக்கண்ணு கட்டிலைப் பார்க்கவில்லை. முற்றத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"பாத்ரூம்ல விழுந்தா கிக்கர் வளையுமோ அண்ணாச்சி?"

"வெளிய போலே."

"போறேன். விக்கும்போது சொல்லி அனுப்புங்க."

ஒன்றரை மாதம் கழித்து எபநேசர் பக்கத்து வீட்டு மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். எட்டயபுரம் தாண்டி ஒரு கிராமம்; சொர்ணத்தாய் பிறந்த ஊரும் அதுதான். அதனால் அங்கே நடந்தது அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. மொபெட் சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை. அவர் கொட்டகைக்குள் வந்து நின்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை. வெயிலுகந்தம்மாள் என்பவள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "என்ன அண்ணாச்சி, புடுபுடு குட்டி போட்டிருக்கோ?" என்றாளாம். கொட்டகையே சிரித்ததாம். அன்றைக்கு அவர் கவிழ்த்த கட்டையை எவளும் திரும்ப அடுக்கவில்லையாம்.

வாரக் கடைசியில் முதலாளி கூப்பிட்டுவிட்டார். "அண்ணாச்சிக்கும் வயசாச்சு. ஆபீஸ்லயே உக்காந்து லேபிள் கட்ட எண்ணிப் பாத்துக்கிடுங்க. வெளி வேலைக்கு வேற ஆளு பாக்கேன்." அடுத்த மாதம் முதல் தேதிவரை எபநேசர் தவணை கேட்டு வாங்கினார். அதற்குள் பழையபடி வண்டியில் போயாக வேண்டும். இல்லையென்றால் லேபிள் கட்டுத்தான்.

அதுவரை இருந்த மூன்று வாரமும் அவர் வீட்டிலேயே இருந்தார். ரசத்தில் புளி அதிகம். ஜன்னலை ஏன் திறந்தாய்? டியூஷன் பிள்ளைகள் ஏன் இரைகிறார்கள்? போனில் யாரோடு பேச்சு? சொர்ணத்தாய் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஜீனா பாடம் நடத்தும்போது அவர் நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டுக்கொண்டு, அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்.

வண்டியின் டூல்பாக்ஸில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு புத்தகம் கிடந்தது. ஆங்கிலம் என்பதால் அதை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. ஜீனா இரண்டு மத்தியானங்களில் அதைப் படித்து முடித்தாள். வளைந்த கிக்கரை மாற்றவும், ஸ்பார்க் நேரத்தைச் சரிசெய்யவும் சாத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். இரக்கத்தால் செய்தாள் என்று யாராவது சொன்னால் அது பொய். காலை எட்டு மணிக்கு அந்த மனுஷர் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு.

"சாவியக் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"நீங்க வெளிய போகணும்லா."

"நீ மிதிப்பியோ? நாப்பது கிலோ இருப்பியா நீ?"

"நாப்பத்து மூணு."

கேட்டைச் சாத்தினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முள் நடுவில் வந்தது. லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டாள். உடம்பின் எடை முழுவதையும் குதிகாலில் இறக்கினாள். முதல் மிதி, ஒன்றுமில்லை. இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அந்த இடி குதிகாலில் ஏறி இடுப்புவரை வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

எபநேசர் கேட்டைத் திறந்தார். ஏறினார். போனார்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. காலையில் அவர் ஜன்னல் விளிம்பில் சாவியை வைப்பார்; கேட்க மாட்டார். அவள் சாத்திய கேட்டுக்குப் பின்னால் மிதித்துக் கொடுப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். ஊர் அவர்தான் மிதிக்கிறார் என்று நம்பியது. போன இடத்தில் எஞ்சினை நிறுத்த முடியாது என்பதால், கட்டைகளைப் பார்த்து முடிக்கும்வரை வண்டி கொட்டகை வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். பெண்கள் முன்னைவிடப் பயந்தார்கள். முதலாளி வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார். எபநேசர் முன்னைவிட அதிகமாகக் கட்டைகளைக் கவிழ்த்தார். எட்டு மாதம் இப்படி ஓடியது.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு பதினொரு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தது ஜீனா.

"ஏட்டி, நாந்தான்." பின்னால் பல பெண்குரல்கள். கொட்டகையை ஒட்டிய பெட்டிக்கடைப் போன், அவளுக்குப் புரிந்தது.

"சொல்லுங்க மாமா."

"உங்க அத்த ஊர்ல இருக்கேன். கரிச மண்ணு மட்கார்டுக்குள்ள அப்பி சக்கரம் நின்னுபோச்சு. எஞ்சினும் அணஞ்சிட்டு." குரலைத் தாழ்த்தினார். "மண்ணத் தோண்டி எடுத்தாச்சு."

"அப்போ கிளம்பிரலாமே."

பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. "மிதிக்க வேண்டியதான அண்ணாச்சி? நாங்க தள்ளுனா கோணலாத் தள்ளுதீங்க, திரும்பத் தள்ளுங்கன்னு சொல்வீங்க!" சிரிப்பு. அது வெயிலுகந்தம்மாள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

"பதினொன்னே காலுக்கு ஒரு பஸ் இருக்கு." அவர் குரல் இன்னும் இறங்கியது. "நீ இங்கன வரைக்கும்..."

"எதுக்கு மாமா?"

"உனக்குத் தெரியாதோ?"

"கேக்கல மாமா. சத்தமாச் சொல்லுங்க."

அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது. சிரித்தவர்கள் அடங்கி, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்பதும் கேட்டது.

"அத்தைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு நீ..."

"அத்த நல்லாத்தான் இருக்காவ. என்ன வேணும்னு சொல்லுங்க மாமா."

இன்னொரு காசு விழுந்த சத்தம். பிறகு எபநேசர் கட்டைகளைக் கவிழ்க்கும்போது கத்துகிற அதே குரலில், கொட்டகை முழுவதும் கேட்கச் சொன்னார்:

"என்னால மிதிக்க முடியலட்டி. நீ வந்து வண்டிய மிதிச்சுத் தா."