நாச்சிமுத்து சொன்ன அபிப்பிராயம்

1932-இல் நான் ரங்கூனிலிருந்து வெண்ணந்தூர் திரும்பிய மறுநாளே நாச்சிமுத்துப் பெரியப்பா ஒரு காகிதக் கட்டோடு வந்தார்.

"கோர்ட்டுத் தீர்ப்பு சாமி. நீதான் இங்கிலீஷ் படிப்பியே. நான் சொன்னது இதுல எங்க இருக்குதுன்னு பாரு."

எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு என்றால் இரு தரப்பும் அவரிடம்தான் வரும். சொந்தத் தம்பிக்கு எதிராகவே ஒருமுறை தீர்ப்புச் சொன்னவர். நிலவரி கட்டுபவர் என்பதால் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் அசெசராகக் கூப்பிட்டிருந்தார்கள். கொலை வழக்கில் ஜட்ஜோடு உட்கார்ந்து கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று அபிப்பிராயம் சொல்லும் வேலை அது.

பத்திரிகைகளெல்லாம் எழுதிய வழக்கு. கள்ளுக்கடை மறியலில் கல் பட்டு ஒரு ஏட்டு இறந்துபோனார். பிடிபட்டவன் எங்கள் ஊர்ச் சாயக்காரன் சென்றாயன், குஞ்சம்மாளின் ஒரே மகன்.

அவன் வலது கையால் எறிந்ததைப் பத்தடி தூரத்தில் பார்த்ததாக மூன்று சாட்சிகள் சொன்னார்கள். பெரியப்பா அனுமதி வாங்கி ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தக் கை எப்படிங்க இருந்துச்சு?"

"எல்லார் கையும் மாதிரிதாங்க."

சென்றாயனின் கை முழங்கை வரை நீலம். பத்து வருஷம் அவுரிச் சாயத் தொட்டியில் முக்கியெடுத்த கை. அவனைப் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஆனால் ஐந்து மாத ஜெயிலில் அது வெளுத்துவிட்டது. கூண்டில் நின்றபோது அவனுக்கும் எல்லார் கையும் மாதிரிதான் இருந்தது.

மறியலன்று நீலமாக இருந்த கையைச் சாட்சிகள் பார்க்கவே இல்லை என்று பெரியப்பா எடுத்துச் சொல்லி, "குத்தவாளி இல்லீங்க" என்றார். மற்ற மூன்று அசெசர்களும் அதையே சொன்னார்கள். ஜட்ஜ் மரியாதையாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

ஊர் திரும்பியவர் நேரே குஞ்சம்மாளிடம் போனார். "பயப்படாத ஆத்தா. நாலு பேரும் ஒண்ணாச் சொல்லிப்போட்டோம்."

மூன்றாம் நாள் தூக்குத் தண்டனை என்று சேதி வந்தது. அசெசர் சொல்லை ஜட்ஜ் தள்ளிவிடலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் கொண்டுவந்த தீர்ப்பு பதினான்கு பக்கம். அதில் ஒன்பது பக்கம் காங்கிரஸ் கிளர்ச்சி: சென்றாயன் போகாத கூட்டங்கள், அவன் கேட்டிராத பேச்சுகள். அசெசர்களுக்குக் கடைசியில் நாலே வரி. தமிழில் சொன்னேன்: "முதல் அசெசர் கைதியின் ஊர்க்காரர். தாம் முன்பே அறிந்ததை வைத்துப் பேசுகிறார். நடுநிலையானவர் என்று கொள்வதற்கில்லை."

"கை நீலம்கிறது?"

"இல்லைங்க பெரியப்பா."

"அவனைத் தெரியும்கிறதுதான் நான் பண்ணுன குத்தமா? அப்புறம் என்னத்துக்குக் கட்டுச்சோத்தோட வரச் சொன்னானுங்க?" என்றார்.

வாசலில் குஞ்சம்மாள் நின்றிருந்தாள். "நீங்க சொன்னத எழுதியிருக்காங்களா சாமி?"

"எழுதியிருக்காங்க ஆத்தா" என்றார் பெரியப்பா.

ஹைக்கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. ஐப்பசியில் சென்றாயனைத் தூக்கிலிட்டார்கள்.

தை மாதம் தண்ணீர் முறைத் தகராறோடு பங்காளிகள் இருவர் பெரியப்பாவிடம் வந்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியுமேப்பா. தெரியாத ஆளாப் பார்த்துக் கேளுங்க."

கேலி என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனார்கள்.