ரெஜினாவின் சாப்பாட்டுக் கொப்பி

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில் ஒரு சமூக மருத்துவ நிலையத்தில், கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் பிரிவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பதினொரு வருடம் இருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அங்கே நான் ஒரு பெரிய பிழை விட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக மறைக்காமல் எழுதுகிறேன்.

ரெஜினா மன்னார்ப் பெண். முதல் பிள்ளை, ஏழாம் மாதம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்ததால், சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வரச் சொன்னோம். காலையில் இரண்டு துண்டு தவிட்டுப் பாண், மத்தியானம் அளந்த சோறு, மீன், கீரை. கொப்பியில் குறை சொல்ல இடமில்லை. தராசில் ஏறினால் இரண்டு கிழமையில் இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. சீனியும் இறங்கவில்லை.

உணவு ஆலோசகர் ஜொனியேவ் நல்ல மனுஷி. அன்று அவரும் பொறுமை இழந்தார். இவர் எதையோ மறைக்கிறார், இப்படியே போனால் இன்சுலின்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன்.

"உண்மையைச் சொல்லும், பிள்ளை. களவாச் சாப்பிட்டால் ஆருக்கு நட்டம்?"

மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. பக்கத்தில் இருந்த கணவன் அன்ரன் அவளை முறைத்தான்.

"மாதா அறிய நான் ஒண்டும் மறைக்கேல்லை அக்கா," என்று அவள் அழுதாள். நான் நம்பவில்லை.

மறுநாள் நானும் ஜொனியேவும் சமையலறையை நேரில் பார்க்க அவள் வீட்டுக்குப் போனோம். அன்ரனும் நின்றான். பிரிட்ஜைத் திறந்தால் டப்பா டப்பாவாகத் தொதல், பால் றொட்டி, வட்டிலப்பம் என்று இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும். அந்தக் கட்டிடத்தில் வேறும் ஏழு தமிழ்க் குடும்பங்கள். யார் பலகாரம் சுட்டாலும் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு பங்கு வந்துவிடும்.

"இதெல்லாம் ஏன் எழுதேல்லை?"

"அது சாப்பாடு இல்லையே அக்கா, ஆக்கள் தந்தது. வாயில வைக்காட்டிக் குறை நினைப்பினம்."

அவள் பொய் சொல்லவில்லை. தான் சமைத்து, கோப்பையில் போட்டு, இருந்து சாப்பிட்டதுதான் அவளுக்குச் சாப்பாடு. பச்சை மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து, இது யார் தந்தது என்று கேட்டேன்.

"உங்கடதுதானே அக்கா. ஞாயிறு பூசை முடியத் தந்தனீங்கள். பயத்தம் பணியாரம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பயறு பிள்ளைத்தாச்சிக்கு நல்லதென்று சுட்டேன். அதில் கொட்டிய சர்க்கரை நினைவில் இல்லை.

அவள் என்ன சொல்கிறாள் என்று ஜொனியேவ் கேட்டார். வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு என் பணியாரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். ஜொனியேவ் உடனே ரெஜினாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரெஜினாவின் சம்மதத்தோடு அன்றே ஏழு கதவையும் தட்டினேன்.

"பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்காமல் நாங்கள் மட்டும் தின்னுறதோ?" என்று ஒரு அன்ரி கோபித்தார்.

"குடுங்கோ அன்ரி, அவிச்ச கடலை கொஞ்சம் குடுங்கோ. இல்லாட்டி அவவைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போட்டு வாங்கோ."

சிலர் சொன்னபடி கேட்டார்கள். எடை கூடுவது மட்டுப்பட்டது. சீனி முழுதாக இறங்காததால் கடைசி மாதம் இன்சுலின் போட வேண்டி வந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது.

கொப்பியும் தராசும் ஒத்துவராவிட்டால் உடனே நோயாளியைச் சந்தேகிக்காதீர்கள். நாம் என்ன கேட்காமல் விட்டோம் என்று முதலில் பாருங்கள்.

பிள்ளையைப் பார்க்கப் போனபோது, ஊசி நொந்ததா என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"ஊசி நோகேல்லை அக்கா. நீங்கள் களவெண்டு சொன்னதுதான் நொந்தது."

பணியாரத்தை ஒப்புக்கொண்டதோடு கணக்குத் தீர்ந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான்.