வெர்லின் ஹூக்ஸ்ட்ராவின் பதினான்கு விநாடிகள்

வெர்லின் ஹூக்ஸ்ட்ரா தம் வாழ்க்கையில் இரண்டே வேலைகள் பார்த்தார். வாரநாட்களில் ஓஸ்டர்வில் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போட்டார். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஸ்கங்க் ஆற்றுக் கல்லூரிகள் மல்யுத்தக் கூட்டமைப்பின் பந்தயங்களில் கடிகாரத்தின் முன் உட்கார்ந்தார். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. அதனால் அதைத்தான் அவர் தொழில் என்று சொல்லிக்கொள்வார்.

கடிகாரம் என்றால் சுவரில் தொங்கும் பெரிய கடிகாரம் அல்ல. அதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது வெர்லினின் அபிப்பிராயம். அவருடையது சவாரிக் கடிகாரம். ஒருவன் மற்றவனைக் கீழே போட்டு மேலேறி அமுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தை அது சேர்த்து வைக்கும். நடுவர் சிவப்புப் பட்டை கட்டிய கையைத் தூக்கினால் விசையைச் சிவப்புப் பக்கம் தள்ள வேண்டும். பச்சைக் கையைத் தூக்கினால் பச்சைப் பக்கம். ஒருவன் சேர்த்ததிலிருந்து மற்றவன் சேர்த்தது கழியும். ஆட்டம் முடியும்போது யார் பக்கமாவது ஒரு நிமிடம் மிஞ்சினால் அவனுக்கு ஒரு புள்ளி. ஒரு கையும் ஒரு விரலும் உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு விசையை மறந்துவிடுவான். ஆகவே முப்பத்திரண்டு ஆண்டுகளாக எல்லா இறுதிப் போட்டிகளிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் ஒன்றையும் பார்க்காத ஒரே மனிதர் என்ற பெருமை வெர்லினையே சேரும்.

கூட்டமைப்புக்கு எழுபது வயது நிறைந்ததை ஒட்டி அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு இப்படிப்பட்ட ஒருவரிடம் வந்தது. ஒப்படைத்தவர் கூட்டமைப்பின் ஆணையர் லின்னெட் ப்ரோக்மன் அம்மையார்.

"நீங்கதான் எழுதணும் வெர்லின்."

"எனக்கு எழுத வராதும்மா."

"வந்தவங்க எல்லாம் செத்துட்டாங்க."

வெர்லின் எழுதினார். லாரி எடை குறிப்பதைப் போலவே எழுதினார், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஏழு கல்லூரிகள் கூடியதை எழுதினார். நாற்றத்துக்குப் பேர்போன பிராணியின் பெயர் கொண்ட ஆற்றைக் கூட்டமைப்புக்குச் சூட்டலாமா என்று முதல் இரண்டு ஆண்டுகள் விவாதம் நடந்ததையும், மாற்றுப்பெயர் எதற்கும் நாலு கை சேராததால் நாற்றமே வென்றதையும் எழுதினார். பக்தி மிகுந்த ஒரு கல்லூரி தன் பையன்களின் முழங்கால் வெளியே தெரியக்கூடாது என்று பதினோரு ஆண்டுகள் முழுக்கால்சட்டையோடு இறக்கி, பதினோரு ஆண்டுகளும் கடைசி இடம் பெற்றதை எழுதினார். அறுபத்தொன்றாம் ஆண்டுப் பனிப்புயலில் இரண்டே அணிகள் வந்து சேர, வராதவர்களில் யாருக்கு மூன்றாம் இடம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கியதை எழுதினார். ஏழு கல்லூரி நாலானதையும் எழுதினார். விலகிய மூன்றில் ஒன்று மல்யுத்தத்தை மட்டுமல்ல, தன்னையே மூடிக்கொண்டது.

புத்தகம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கையில் ஒரு வீடியோ கேசட் தபாலில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு இறுதிப் போட்டி. யாரோ ஒரு மல்யுத்த வீரனின் தாய் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்தது. படம் ஏதாவது கிடைக்குமா என்று வெர்லின் கீழ்த்தளத்து டெக்கில் அதைப் போட்டுப் பார்த்தார்.

கிடைத்தது. நூற்று நாற்பத்திரண்டு பவுண்டு எடைப் பிரிவு. பச்சைப் பட்டையில் கென்ட் கோப்ரிவா, சிவப்பில் கிரெக் ஆமுண்ட்சன். கென்ட் கீழிருந்து சட்டென்று புரண்டு கிரெக்கின் மேலே ஏறுகிறான். நடுவர் ஆர்வில் ட்யாடன் பச்சைக் கையைத் தூக்குகிறார். படத்தின் ஓரத்தில், மேசைக்குப் பின்னால், இருபத்திரண்டு வயது வெர்லினின் விசைக் கை, எஸ் வடிவத்தில் வளைந்த ஒரு பாதாம் பலகாரத்தை வாய்க்குக் கொண்டுபோகிறது. ஒரு கடி. இன்னொரு கடி. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நக்குகிறது. அதன் பிறகே விசையைத் தள்ளுகிறது.

பதினான்கு விநாடி.

கென்டுக்குச் சேர வேண்டிய பதினான்கு கிரெக்குக்குச் சேர்ந்துவிட்டது. ஆக வித்தியாசம் இருபத்தெட்டு. அன்று கிரெக்குக்கு மிஞ்சிய சவாரி நேரம் ஒரு நிமிடம் மூன்று விநாடி. அந்த ஒரு புள்ளியில்தான் ஐந்துக்கு நாலு என்று கென்ட் தோற்றார். பலகாரம் இல்லாதிருந்தால் நாலுக்கு நாலு. கூடுதல் நேரம் ஆடியிருப்பார்கள். கென்ட் ஜெயித்திருப்பார் என்றுகூட வெர்லினால் சொல்ல முடியாது. கென்டிடமிருந்து தாம் பிடுங்கியது ஒரு வெற்றியை அல்ல, இரண்டு நிமிட வாய்ப்பை மட்டுமே என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேசட்டைப் பதினோரு தடவை ஓட்டினார். பதினோரு தடவையும் தம் கையையே பார்த்தார்.

கென்டும் அவரும் முப்பது ஆண்டுகளாகத் தினம் காலையில் கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒன்றாகக் காப்பி குடிக்கிறவர்கள். கென்டுக்கு விதை வியாபாரம். ஆனால் ஊரில் அவர் அறியப்பட்டது அந்தத் தோல்வியால்தான். சங்கக் கடைக் கல்லாவில் நிற்கும் டக் தினமும் ஒரு கொள்ளிக்கட்டையைத் தள்ளிவிடுவார். மீதியை கென்ட் பார்த்துக்கொள்வார்.

"கடைசி இருவது விநாடிடா. நான் எழுந்து நின்னுட்டேன். அவன் கை என் இடுப்புலயே இல்ல. எனக்கு ஒரு புள்ளி குடுத்திருக்கணும். ஆர்வில் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். கையைத் தூக்கினானா? குருட்டுப் பய!"

ஆர்வில் உயிரோடு இருந்த வரைக்கும் காப்பி குடிக்கப் பன்னிரண்டு மைல் தள்ளி அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். போன அக்டோபரில் இறந்தார். அடக்கத்துக்கு கென்ட் போகவில்லை.

வெர்லின் முதலில் ஆணையருக்குப் போன் போட்டார். புத்தகத்தில் அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றார்.

"விதி ஏழுல இருக்கு வெர்லின். நேரக் கணிப்புல ஆட்சேபணை இருந்தா ரெண்டு பேரும் பாயை விட்டு இறங்கறதுக்குள்ள சொல்லணும்."

"இறங்கி முப்பத்தொரு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப தாமதம்."

"தப்பு பண்ணினது நான்தான்."

"அது விதியில இல்ல. யார் பண்ணினாலும் தாமதம் தாமதம்தான்."

பிறகு, இப்போது அரிசோனாவில் பல் வைத்தியராக இருக்கும் கிரெக் ஆமுண்ட்சனுக்குப் போன் போட்டார்.

"கோப்ரிவாவா? யார் அது?"

"உங்ககிட்ட ஒரு புள்ளியில தோத்தவர்."

"நெறைய பேர் தோத்தாங்க சார். உயரமா ஒருத்தர் இருந்தாரே, அவரா?"

"இல்ல. குட்டையா, சிவப்புத் தலை."

"ஞாபகம் வரல. பட்டம் வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பல்லு ஏதாவது தொந்தரவா?"

வெர்லின் போனை வைத்தார். ஒருவருடைய வாழ்க்கையின் துக்கம் இன்னொருவருடைய ஞாபகத்திலேயே இல்லை என்பதை எந்த விதியின் கீழ் பதிவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி அர்லிஸ் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அந்த மனுஷனுக்கு ஒரு குறை இருக்கு, அதை வச்சுக்கிட்டு சுகமா இருக்கான். நீ ஏன் போய் நோண்டற?"

"உண்மையச் சொல்ல வேண்டாமா?"

"சொல்லு. சொல்லிட்டு என்ன பண்ணப் போற?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயம் முடிந்து வந்த கென்டைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். அர்லிஸ் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். வெர்லின் எழுந்து நின்று, எழுதி மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார். பிறகு படத்தை ஓட்டி, ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"அதோ. என் கை."

கென்ட் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ரொட்டி புரையேறும் வரை சிரித்தார்.

"விரலையெல்லாம் நக்கறான் பாரு! டேய், இதுக்காடா ஒரு வாரமா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்ச?"

"உன் பட்டம்டா."

"போடா. உன் பதினாலு விநாடி யாருக்கு வேணும்? நான்தான் எழுந்து நின்னேனே. ஆர்வில் நியாயமா கையைத் தூக்கியிருந்தா உன் கடிகாரத்தை யார் சீந்துவா? ஓட்டு, கடைசி வரைக்கும் ஓட்டு. அந்த மனுஷன் பண்ணின அநியாயத்தை நீயே உன் கண்ணால பாரு."

வெர்லினின் தோளிலிருந்து சோளம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கிப் போனது. மன்னிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இரண்டு போன்கள் மிச்சமாகியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இறுதிப் போட்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் சுற்று. கென்ட் கீழே, கிரெக் மேலே. நாற்பது விநாடி. முப்பது.

"இப்பப் பாரு," என்றார் கென்ட்.

இருபது. திரையில் கென்ட் குப்புறப் படுத்திருந்தான். கன்னம் பாயில் அழுந்தியிருந்தது.

"இப்ப எழுவேன் பாரு."

பதினைந்து. பத்து. கிரெக் அவன் முதுகில் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தான். பாயில் கிடந்தவன் முழங்காலை மடக்கவில்லை. கையை ஊன்றவில்லை. ஒரு தடவை தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் தலையை மறுபடியும் கீழே வைத்துக்கொண்டான். ஆர்வில் பக்கத்தில் முட்டி போட்டு, முகத்தைப் பாயோடு பாயாக வைத்து, ஏதாவது அசையாதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஊதல் ஒலித்தது.

"இது வேற ஆட்டம்," என்றார் கென்ட்.

பின்னால் பலகையில் பெயர் இருந்தது. ஐந்து, நாலு.

"திருப்பிப் போடு."

வெர்லின் திருப்பிப் போட்டார். மறுபடியும் போட்டார். மூன்றாம் தடவையும் அவன் எழவில்லை. நான்காவதாகப் போட விசைமேல் வைத்த கையைக் கென்ட் பிடித்துக்கொண்டார்.

"இதை வேற யார் பாத்தாங்க?"

"யாரும் இல்ல. நானே பாக்கலடா. சத்தியமா. என் கையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"சரி."

"கென்ட், அந்தம்மா எடுத்த கோணம் அப்படி. முன்னாடி நின்னு எடுத்திருந்தா..."

"சரிடா."

கென்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். மேலே போய், ரொட்டி நன்றாக இருந்தது என்று அர்லிஸிடம் சொன்னார். முக்கால்வாசி தட்டிலேயே இருந்தது. வாசலில் அவருடைய வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது. ஜன்னலோரம் நின்ற அர்லிஸ் வெர்லினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொட்டித் தட்டை எடுத்துவரக் கீழே போனாள்.

அன்று சாயங்காலமே வெர்லின் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினார். அந்த வரியில் ஐந்து-நாலு அப்படியே இருந்தது. கேசட்டைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போட்டார். போட்டதால் ஒன்றும் ஆகவில்லை, பார்த்தவர் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கென்ட் வழக்கம்போல் சங்கக் கடைக்கு வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். டக் வழக்கம்போல் கொள்ளிக்கட்டையைத் தள்ளினார்.

"சனிக்கிழமை பந்தயமாமே. இந்தத் தடவையாவது நடுவருக்குக் கண்ணு தெரியுமா?"

எல்லோரும் கென்டைப் பார்த்தார்கள். கென்ட் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"வியாழக்கிழமை மறுபடி பனி கொட்டுமாம்," என்றார்.

யாரோ இருமினார்கள். டக் விடவில்லை. "ஆர்வில் மட்டும் அன்னிக்குக் கையைத் தூக்கியிருந்தா..."

"நல்ல மனுஷன்," என்றார் கென்ட். "அடக்கத்துக்குப் போயிருக்கணும்."

மேசையைச் சுற்றி ஐந்து கோப்பைகள் பாதி வழியில் நின்றன. முப்பத்தொரு ஆண்டுகளில் இப்படி ஒரு வாக்கியம் அந்த மேசையில் சொல்லப்பட்டதில்லை.

"என்ன நல்ல மனுஷன்?" என்று ஒரு குரல் கேட்டது. அது தம்முடைய குரல் என்பது வெர்லினுக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. "குருட்டுப் பயடா அவன்! பட்டப்பகல்ல பன்னிக்கும் பசுவுக்கும் வித்தியாசம் தெரியாது அவனுக்கு. நீ எழுந்து நின்ன. நான் பக்கத்துல உக்காந்துட்டிருந்தேன். நின்னடா!"

"விடு வெர்லின்."

"எதுக்கு விடணும்? ரெண்டு காலையும் ஊனி நின்ன. அவன் கை உன் இடுப்புலயே இல்ல. ஆர்வில் உன்னைப் பாத்தான், நீ அவனைப் பாத்த..."

"செத்துப்போன மனுஷன்டா. விடு."

வெர்லின் விடவில்லை. நடுவர்களின் கண்ணைப் பற்றியும், ஆர்வில் ட்யாடனின் வம்சத்தில் யார் யாருக்குக் கண்ணாடி என்பது பற்றியும், லாரி எடையில் ஒரு பவுண்டுகூடப் பிசகாதவர், வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். டக் அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனார். கென்ட் எழுந்து, கோப்பையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்து, விதை மூட்டை வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.