முதலாளி நாற்காலி

லிந்துலையிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடை என்னுடையது. மாவு பிசைவது, ரொட்டி தட்டுவது, சாமான் வாங்குவது எல்லாம் நான்தான். அரசாங்கப் பயிற்சி ஒன்றுக்குப் போனபோது ‘பெண் தொழில் முயற்சியாளர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினேன். அதை முழுசாக வாசித்த ஒரே ஆள், மழைக்கு ஒதுங்கிய தபால்காரர். வாசித்துவிட்டு, “முதலாளி இல்லையாம்மா?” என்று கேட்டார்.

அவ்வளவு நீளமான பட்டம் எனக்கு வேண்டாம். முதலாளி என்று யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. ஆசைதான், மறைப்பானேன்? ஆனால் அந்தச் சொல் என் வீட்டுக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரம் கடையின் ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஓசித் தேத்தண்ணி குடிப்பார். வருகிறவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் வணக்கம் வைப்பார்கள்.

ஒரு நாள் நான் பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பேக்கரி வேன்காரர் வந்து, “முதலாளி, நாளைக்கு என்னங்க போடணும்?” என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அறுபது மீன் பணிஸ் போடுங்க!”

மறுநாள், உள்ளே மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ரொட்டி அறுபதோடு பெட்டி வந்து இறங்கியது. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திருவிழா முடியும்வரை எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் கவுச்சி தொடமாட்டார்கள். காவடி எடுக்கப் போகிற இவர் கையிலேயே மஞ்சள் காப்பு இருந்தது.

“எந்தக் கிறுக்கன் சொன்னது?” என்று கத்தினேன். வேன்காரர், “முதலாளிதாங்க சொன்னாரு” என்றார்.

இவர் மெல்ல எழுந்தார். நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைக் காட்டினார்.

“முதலாளி அவங்கதாங்க. நான் சும்மா தேத்தண்ணி குடிக்க வந்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஜில்லென்றும் இருந்தது.

“அப்ப முதலாளி சொல்றேன். பெட்டிய ஆட்டோவுல ஏத்துங்க. கீழ்ப் பிரிவுல மாதா கோயில்காரங்க இருக்காங்க, வித்துட்டு வாங்க.”

காப்புக் கட்டிய கையோடு, கவுச்சி வாடைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு, லயம் லயமாக மீன் பணிஸ் விற்றார். வெறும் பெட்டியோடு திரும்பி, பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டு கடைக்குள் வந்தபோது நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு தேத்தண்ணி...” என்று இழுத்தார்.

“ஊத்திக்குங்க. எனக்கும் ஒன்னு.”